பலூன் படுத்திருந்த நாட்கள்

மெஷினைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். மெஷினைப் பற்றி, இப்போது அதை ஓட்டுகிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் தம்பிகளா. ஆயில் எப்போது மாற்றுவது, பெல்ட் எப்போது இறுக்குவது எல்லாம் இப்போது உங்கள் போனிலேயே வந்துவிடுகிறது. நான் எட்டாவது வரை படித்தவன். சின்னசேலம் பக்கத்தில் ஒரு சேகோ பேக்டரியில் ஜெனரேட்டர் ஓட்டியே பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். ஆண்டவன் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு ஓய்வு பெற்றேன். போனில் வராத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சல். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிரிக்காதீர்கள். பவர் ஹவுசில் வேலை பார்க்கிறவனுக்கு அது கட்டாயம் வரும். டீசல் போய் கேஸ் வந்தது. கேஸ் இருக்கும்போதே கூரைமேல் சோலார் தகடு ஏறியாகிவிட்டது. போகிற மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பான். அது ஒருநாள் நீங்களாக இருப்பீர்கள். அப்போது இது உதவும்.

சேகோ பேக்டரி எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை உருட்டி வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. ஓரிரு நாளில் அரைக்காவிட்டால் உள்ளே கறுத்துப் போகும். ஆயுத பூஜை சமயத்தில் சீசன் சூடு பிடித்துவிட்டால் கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்தெல்லாம் டிராக்டர்கள் வந்து கேட்டுக்கு வெளியே வரிசை கட்டும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் முதலாளிக்கு உயிரே போகும்.

அப்போது நான் தேவைப்படுவேன். கரண்ட் கட் இருந்த காலத்தில் பாதி நாள் டீசலில்தான் ஓட்டினோம். அரவை நின்றதும் களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிற பெண்கள் அத்தனை பேரும் என் கொட்டகைப் பக்கம் திரும்புவார்கள். நான் வேண்டுமென்றே அவசரப்படாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் சாவியைத் திருப்புவேன். "அண்ணன் போட்டுட்டாருடி" என்று யாராவது சொல்வது காதில் விழும். முதலாளி ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார், ஓடுகிறது என்று தெரிந்ததும் தலையை இழுத்துக்கொள்வார். நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி எட்டிப் பார்ப்பதே எனக்குப் போதும்.

பிறகு கேஸ் வந்தது. கிழங்கு கழுவிய, மாவு தெளிந்த தண்ணீரை அதுவரை பின்பக்கப் பள்ளத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். அந்த நாற்றத்தால் ஊரோடு தினமும் சண்டை. முதலாளி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, அந்தப் பள்ளத்தைப் பெரிய குட்டையாக வெட்டி, மேலே கறுப்பாக ஒரு தடித்த ஷீட்டைப் போட்டு மூடினார். காற்றில்லாமல் உள்ளே புளிக்கிற தண்ணீரிலிருந்து கேஸ் வரும். ஷீட் பலூன் மாதிரி உப்பும். அந்த கேஸில் இன்ஜின் ஓடும், இன்ஜினால் ஆலை ஓடும். குட்டையைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அண்ணாமலை.

வெள்ளிமலைக்காரன். என் வயதுதான் இருக்கும். ஊர் ஊராகப் போய் சாண எரிவாயுத் தொட்டி கட்டிய கொத்தனார். மெஷின் பக்கமே வராத ஆள். பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையிலிருந்து இறங்கி, பேக்டரிக்குப் பின்னால் இருந்த அறையில் குடிவந்தான். பிள்ளைகள் சின்னசேலம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். "சாணிக்காரன்" என்று ஆலையில் பேர் வைத்தார்கள். அந்தப் பேரை முதலில் சொன்னது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இங்கே ஒரு கணக்கை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ரூபாய் வேண்டாம், போக்கு மட்டும். டீசலில் ஓடுகிற நேரத்துக்குத்தான் செலவு. ஓடாவிட்டால் செலவில்லை. கேஸ் அப்படி இல்லை. செலவு முழுவதும் முதல் நாளே. குட்டைக்கும் ஷீட்டுக்கும் இன்ஜினுக்கும் முதலாளி நிலத்தைப் பேங்கில் வைத்தார். அதற்கப்புறம் எரிபொருள் சும்மா வருகிறது, நாம் கீழே கொட்டிய தண்ணீர்தான். ஆனால் கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் பேங்குத் தவணை வரும். இன்னொன்றும் செய்தார். கேஸ் நன்றாக வருவதைப் பார்த்து, கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்து பேக்டரிக்கு வாங்கியிருந்த கரண்ட் லோடைக் குறைத்துவிட்டார். மாதாமாதம் கட்டுகிற நிலைக்கட்டணம் மிச்சம். அதன்பிறகு லைன் கரண்டில் விளக்கும் சின்ன மோட்டார்களும்தான் ஓடும். அரவைக்கு கேஸ், இல்லாவிட்டால் என் டீசல்.

என் டீசல் தேவையே படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கரண்ட் போவது வருவது யாருக்கும் தெரியவில்லை. கொட்டகைப் பக்கம் யாரும் திரும்புவதில்லை. காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, குட்டையைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். நடுவில் அண்ணாமலை, கையைக் கட்டிக்கொண்டு. முதலாளி வீட்டிலிருந்து டீ வந்தால் முதல் டம்ளர் அவனுக்கு. ஒருநாள் என் வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே, "அந்த அண்ணன் வூட்டுச் சட்டையப் பாத்தீங்களா, ஒரு கறை இல்ல, ஒரு வாடை இல்ல" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீஸ்வரர் சன்னிதிக்குப் பிரதோஷம் தவறாமல் போகிறவன் நான். அந்த நாட்களில் போனால் எதுவும் வேண்ட வராது. மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும். அதைச் சாமியிடம் கேட்கக் கூடாது என்றும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் சந்தனம், முதல் குங்குமம் ஜெனரேட்டருக்கு. முதல் வேட்டி எனக்கு. அந்த வருஷம் ஐயர் நேராக கேஸ் இன்ஜினிடம் போனார். முதலாளிதான் கையைக் காட்டினார். வேட்டி எனக்கும் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அண்ணாமலைக்குக் கொடுத்ததில் கரை அகலம். பூசணிக்காய் உடைத்து எல்லாரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி என்னிடம் வந்து, தீபாவளி கழிந்ததும் கல்குவாரிக்காரர் ஒருவர் ஜெனரேட்டரைப் பார்க்க வருகிறார், நல்ல விலைக்குப் போகும், உன்னைக் கேட் வாட்ச்மேனாகப் போட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே என்றார். சரிங்க மொதலாளி என்றேன். ஜெனரேட்டருக்கு நானே தனியாக ஒரு பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பூஜைக்கு இரண்டு நாள் லீவு. திரும்பி வந்து அரவை ஆரம்பித்த அன்று சாயங்காலமே பலூன் தொய்ந்தது. மறுநாள் காலையில் படுத்தேவிட்டது. இத்தனை நாள் ரோட்டிலிருந்து பார்த்தாலே யானை முதுகு மாதிரி தெரிந்த ஷீட், தண்ணீர்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கேஸ் இன்ஜின் இருமி இருமி நின்றது. கேட்டுக்கு வெளியே டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும்.

நான் ஜெனரேட்டரைப் போட்டேன். களத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாமலை குட்டையைச் சுற்றி ஓடினான். தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தான். பிறகு ஆலையிலிருந்து குட்டைக்கு வருகிற வாய்க்காலைப் பார்த்து நின்றுவிட்டான். வருஷக்கணக்காகக் கறுத்துக் கிடந்த வாய்க்கால், சிமெண்ட் நிறம் தெரியப் பளிச்சென்று இருந்தது.

"இத யாரு கழுவுனது?"

களத்து மேஸ்திரி அலமேலு பெருமையாக முன்னால் வந்தாள். பூஜைக்கு முந்தின நாள் எல்லாப் பொம்பிளைகளும் சேர்ந்து ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினோம் என்றாள். ஆலை முழுவதும் வருஷா வருஷம் கழுவுவதுதான். இந்த வருஷம் புது இன்ஜினுக்குப் பூஜை என்பதால் அதற்குப் பக்கத்தில் போகிற வாய்க்காலையும் விடவில்லை. சாமி வந்து நிற்கிற இடத்தில் சாக்கடை நாறலாமா என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரியும், குட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் கேஸ் உண்டாக்குகின்றன. ப்ளீச்சிங் பட்டால் அவை செத்துப்போகும். அண்ணாமலை வேலைக்கு வந்த முதல் வாரமே எல்லாரையும் கூப்பிட்டு, தொட்டி கழுவுகிற ப்ளீச்சிங் தண்ணீரை இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தான். அலமேலுவும் அதை ஒருநாளும் மீறியதில்லை. தொட்டித் தண்ணீரை வெளியேதான் விட்டாள். வாய்க்காலைக் கழுவக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. சாக்கடையை யாராவது சாமிக்காகத் தேய்த்துக் கழுவுவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கோ கழுவாமல் விடுவது பாவம்.

"தொட்டியப் பத்திதான சொன்ன? வாய்க்காலப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே அண்ணாமல" என்றாள். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. அவன் வாய்க்கால் ஓரமே உட்கார்ந்துவிட்டான்.

முதலாளி வந்தார். எல்லாரும் என் கொட்டகைக்குள்தான் நின்றோம், சத்தத்துக்கு மேல் கத்திப் பேசவேண்டியிருந்தது. அண்ணாமலை சொன்னது இதுதான். குட்டை முழுசாகச் சாகவில்லை. மலையிலிருந்து மாட்டுச் சாணி கொண்டுவந்து கரைத்து ஊற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மூன்று வாரத்தில் எழுப்பிவிடலாம். அவசரப்படுத்தினால் அளவுக்கு மேல் புளித்து அத்தோடு போகும்.

"மூணு வாரமா? சீசன்ல மூணு வாரம் டீசல் ஊத்துனா எனக்கு இன்னா மிஞ்சும்? ஒரு மூட்ட ப்ளீச்சிங் தாங்காத குட்டைய நம்பியா நான் நெலத்த வெச்சேன்?"

அண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. இத்தினி வருசத்துல நீ ஒருநாளும் என்ன கைவுட்டதில்ல. மண்ணக் கொட்டிக் குட்டையத் தூத்துட்டு டீசலுக்கே போயிடலாமா? இவன் கணக்க முடிச்சு மலைக்கு அனுப்பிடறேன்."

தம்பிகளா, அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் தெரியுமா. குவாரிக்காரர் வரமாட்டார். கேட்டில் நிற்க வேண்டாம். அடுத்த பூஜைக்கு முதல் பொட்டு எங்கே என்ற கேள்வியே வராது. நான் எந்தத் தப்பும் செய்யவேண்டியதில்லை. யார்மேலும் பழி போட வேண்டியதில்லை. "போயிடலாம் மொதலாளி" என்று இரண்டு வார்த்தை. வாயில் தயாராக இருந்தது. அண்ணாமலை என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லுவேன் என்று அவனுக்குத் தெரியும் என்ற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஜெனரேட்டரைப் பார்த்தேன். நான் வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை. அதன்முன் நின்று அதைப்பற்றியே கேட்கிறார்கள். மனிதர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. மெஷினைப் பற்றி இல்லாததைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"மொதலாளி, குட்டையத் தூத்துனாலும் இந்த மூணு வாரம் டீசல்தான். கொறச்ச லோட திரும்ப வாங்க கரண்ட் ஆபீசுக்கு நடக்கணும், அது மூணு வாரத்துல நடக்காது. குட்ட எழும்பற வரைக்கும் காத்துக்கினு இருந்தாலும் அதே டீசல்தான். இந்தச் செலவு எப்பிடியும் போனதுதாங்க. நாலாவது வாரத்துல இன்னா வேணும்னு மட்டும் யோசிங்க. அப்ப கேஸ் இருந்தா சும்மா ஓடும். இல்லன்னா டீசலும் ஊத்தணும், பேங்குக்கும் கட்டணும்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இன்னொண்ணுங்க. என் வண்டி முழு லோடுல மூணு வாரம் தாங்காது. கரண்ட் கட்டுக்கு ஓட்டுன வண்டி, நின்னு நின்னு ஓடிப் பழகுனது. ராப்பகலா வுட்டா ஒருநாள் சூடேறி ஜாம் ஆயிடும். அரவைய பாதியாக் கொறைங்க. மீதி டிராக்டர வேற பேக்டரிக்கு அனுப்பிடுங்க. தண்ணியும் கம்மியாப் போவும், குட்டைக்கும் அதான் நல்லது."

என் மெஷினால் முடியாது என்று அவன் எதிரில் நானே சொன்னேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று எழுதத் தெரியவில்லை.

முதலாளி வெளியே டிராக்டர் வரிசையைப் பார்த்தார். பிறகு கேட்டுக்குப் போய்ப் பாதி வண்டிகளைத் திருப்பிவிடச் சொன்னார். அண்ணாமலை நிமிர்ந்தான். கையெடுத்துக் கும்பிடுவான், ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் கொட்டகை மூலையைப் பார்த்து, "அண்ணே, அந்த ரெண்டு டிரம்மும் காலியா? சாணி கரைக்கத் தேவப்படும்" என்றான். எடுத்துக்கோ என்றேன். எரிச்சல் இன்னும் ஜாஸ்தியானது.

உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொறாமை தீர்ந்தபிறகு சரியான பதில் சொல்லலாம் என்று நான் காத்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அது தீரவில்லை. வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதேதான் சொல்ல வேண்டியிருந்தது. உங்களிடம் ஒருநாள் முதலாளி இதே மாதிரி கேட்பார். கேட்கிற நேரத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்காதீர்கள். மெஷினைப் பாருங்கள்.

அந்த மூன்று வாரமும் எனக்குக் கல்யாண நாள் மாதிரி. மெஷினை ஆற விட்டு ஆற விட்டு ஓட்டினேன். கொட்டகையிலேயே சாப்பாடு. களத்துப் பெண்கள் அண்ணே அண்ணே என்றார்கள். முதலாளி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அண்ணாமலை வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் சாணி கொண்டுவந்து இறக்கினான். முழங்கை வரை விட்டுக் கரைத்தான். அலமேலு தினமும் வந்து அவனோடு சேர்ந்து கரைத்தாள். கேஸ் வருகிறதா என்று அவன் ஷீட்டின் ஓரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவான். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் சட்டையில் வாடை அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிரதோஷத்துக்குப் போனேன். கேஸ் வரவேண்டும் என்று கேட்க மனசு வரவில்லை. வரக்கூடாது என்று கேட்கப் பயமாக இருந்தது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி இன்னா வேண்டிக்கினீங்க என்று கேட்டாள். ஒண்ணும் வேண்டவில்லை என்றேன். "ஒண்ணும் வேண்டாததுக்கா அவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு நின்னீங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் முடிகிற சமயம், ஒரு விடியற்காலை. இரவு ஷிப்ட் முடித்து, ஜெனரேட்டரை ஆற விடுவதற்கு முன்னால் மூஞ்சி கழுவ வெளியே வந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. குட்டைமேல் ஷீட் ஒரு மூலையில் தூக்கியிருந்தது. காற்றாக இருக்கும் என்று பார்த்தேன். காற்று இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக இன்னும் கொஞ்சம் எழும்பி, பக்கத்து மடிப்பும் நிமிர்ந்தது. மூச்சு வந்துவிட்டது.

அண்ணாமலை வீடு கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிடவில்லை. ரோட்டோரக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. போய் ஒரு டீ வாங்கினேன். குட்டை தெரிகிற மாதிரி நின்றுகொண்டு குடித்தேன். அடுப்புப் பக்கத்தில் நின்றவர் இன்னாண்ணே காலையிலயே என்றார், சும்மா என்றேன். எப்போதும் போல ஒரே மூச்சில் குடிக்காமல், ஆற்றி ஆற்றிக் குடித்தேன். பேக்டரியில் முதலாளிக்குத் தெரியாது, அலமேலுவுக்குத் தெரியாது, சாணி கரைத்தவனுக்கே தெரியாது. அந்த டீ தீருகிற வரைக்கும் அது எனக்கு மட்டும் தெரிந்த சேதி.

டம்ளரை வைத்துவிட்டுப் போய் அவன் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்தான்.

"எழும்பிடுச்சு" என்றேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு குட்டைக்கு ஓடினான். ஷீட்டின்மேல் கையை வைத்து அப்படியே நின்றான். அவன் முதுகு குலுங்கியது. நான் தூரத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "இஞ்சினப் போட்டுப் பாக்கறேண்ணே. பிடிச்சுக்கினா உங்க வண்டிய நிறுத்திடலாம்" என்றான்.

பிடித்துக்கொண்டது. என் கொட்டகைக்குப் போய் நானே நிறுத்தினேன்.